புஷ்பமேரிக்கு நான் கற்பித்த தாழ்ச்சி

நாற்காலி வேண்டாம் மேடம், எனக்குத் தரையில் உட்கார்ந்துதான் பழக்கம். பங்குனி வெயிலுக்கு இந்த ஸ்டேஷன் மொசைக் தரை குளிர்ச்சியாகவும் இருக்கிறது. டீயும் வேண்டாம். தவக்காலத்தில் நான் டீ குடிப்பதில்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்வதும் இல்லை.

புஷ்பமேரி எப்படி இறந்தாள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் என்னை வரிசையாகச் சொல்லவிடுங்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் நான். நடுவில் யாராவது குறுக்கிட்டால் எனக்கு வாக்கியம் முறிந்துவிடும்.

என் பெயர் ஆனந்தமேரி. சாணார்பட்டி போகிற சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே என் அண்ணன் எனக்கென்று விட்டுப்போன வீடு இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அதை ஜெபவீடாக ஆக்கினேன். வெள்ளிக்கிழமைகளில் திண்டுக்கல்லிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மற்ற ஜெபவீடுகளில் நோய் தீர்வதைப் பற்றிப் பேசுவார்கள், வேலை கிடைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். நான் ஒன்றைப் பற்றி மட்டும்தான் பேசினேன். தாழ்ச்சி. ஆண்டவர் தம்மிடம் இருந்ததையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துவிட்டு வெறுமையாக வந்தார். நாமோ நிரம்பி வழிந்துகொண்டு அவரை உள்ளே கூப்பிடுகிறோம். அவர் எங்கே உட்காருவார்? இதைச் சொல்லும்போது பெண்கள் அழுவார்கள். ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அவர்கள் என்னைச் சிஸ்டரம்மா என்று கூப்பிட்டார்கள். நான் கன்னியாஸ்திரி இல்லை. அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்துவதும் ஒருவகைப் பெருமைதான்.

சின்ன வயதில் ஒரு மடத்தில் சேர்ந்தேன், உண்மை. வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆவதற்கு முன்னாலேயே மதர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். “நீ நல்லாத்தாம்மா குனியுற. ஆனா குனியும்போது யாரு பாக்குறாங்கன்னு ஓரக்கண்ணுல பாக்குறியே” என்றார். அவருக்கு அப்போதே வயதாகிவிட்டது, பார்வையும் மங்கல். நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. 

புஷ்பமேரி போன வருஷம் மாங்காய் சீசனில் வந்தாள். செம்பட்டிக்காரி. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பிள்ளை இல்லை. புருஷன் திராட்சை லோடு வண்டி ஓட்டியவர், விபத்தில் போய்விட்டார். செம்பட்டி முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அவள் தம்பி ஆண்டனிராஜ்தான் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார்.

“அக்கா வீட்டுக்குள்ளயே மொடங்கிக் கெடக்கு சிஸ்டரம்மா. சாப்பாடு எறங்க மாட்டேங்குது. ஒங்ககிட்ட கொஞ்ச நாளு இருந்தா தேறிரும்” என்றார். பிறகு ஒரு பிளாஸ்க்கை என் கையில் கொடுத்தார். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இன்சுலின் பாட்டில்கள். “அக்காவுக்குச் சின்னப் புள்ளையிலருந்தே சுகர். மாத்திர கேக்காது, ஊசிதான். இத ஃப்ரிட்ஜுல வச்சிருங்க. சோறு ஒரு வேள தப்பினாலும் சமாளிச்சிரும், இது தப்புனா தாங்காது.”

அவர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரியாது என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

வந்த புதிதில் சில நாட்கள் அழுதாள். பிறகு அடுப்படிக்குள் போனாள். போனதும் அழுகை நின்றுவிட்டது. நன்றாகச் சமைப்பாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் இருப்பதைச் சட்டியிலேயே பிசைந்து சாப்பிடுவாள். அதை ஒரு தியாகமாகச் செய்தாள் என்று சொல்ல முடியாது. அவளுக்கு அது தோன்றவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை குடித்துவிட்டு வந்த ஒரு ஆள் வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டான். கூட்டம் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகியது. இதை வைத்து நல்ல பிரசங்கம் ஒன்று செய்யலாமே என்று எனக்குத் தோன்றியது. எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் அதைக் கழுவிவிட்டிருந்தாள். அவன் முகத்தையும் கழுவி, கையில் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து, “மெல்லக் குடிண்ணே, பொரையேறிரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, “புஷ்பம், ஒங்கிட்ட தாழ்ச்சி இருக்கு” என்றேன்.

“அது என்னதும்மா? நீங்க வெள்ளிக்கெழம பேசுவீங்களே, அதுவா?” என்று சிரித்தாள். “எனக்கு அதெல்லாம் மண்டையில ஏறாதும்மா. நீங்க பேசுறப்ப சாம்பாரு அடிபிடிச்சிருமேன்னு அதுலதான் இருக்கும் நெனப்பு.”

நானும் சிரித்தேன். எனக்கு அப்போது அவள்மேல் ஒரு குறையும் இல்லை.

நான்சி என்று ஒரு பெண் வருவாள். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் பேசுவதைக் கண்கொட்டாமல் கேட்பவள். ஒருநாள் புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் அவள் வராந்தாவில் சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. “சிஸ்டரம்மா தாழ்ச்சியப் பத்திச் சொல்லுவாங்க. அது எப்படி இருக்கும்னு பாக்கணும்னா அடுப்படிக்குப் போ. புஷ்பக்கா இருக்கும்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு ஆசிரியைக்கு மாணவியைப் பாராட்டினால் சந்தோஷம்தானே. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜெபம் முடிந்ததும் என்னைச் சுற்றி நிற்கிறவர்கள் குறைந்தார்கள். எல்லோரும் அடுப்படியில் இருந்தார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே அவளிடம் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னார்கள். அவள் ஒரு யோசனையும் சொல்லவில்லை. “அய்யோ, அம்புட்டு வேதனையா” என்பாள். அவ்வளவுதான். அவர்கள் முகம் தெளிந்து போனார்கள்.

நான் ஜெபத்தில் இதைப் பற்றி வெகுவாக யோசித்தேன். எனக்கு ஒன்று புலப்பட்டது. தனக்குத் தெரியாமல் இருக்கும் புண்ணியம் புண்ணியமாகாது. மழைக்கு முளைத்த புல்லை யாரும் வெள்ளாமை என்று சொல்வதில்லை. உழ வேண்டும், களையெடுக்க வேண்டும். அவளுக்குள் பெருமை எங்கோ ஆழத்தில் ஒளிந்திருக்கிறது, மேலே தெரியவில்லை என்பதே அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. அதைத் தோண்டி எடுப்பது அவள் ஆத்துமத்துக்கு நான் செய்ய வேண்டிய கடமை என்று தீர்மானித்தேன்.

முதலில் அவளை அடுப்படியிலிருந்து எடுத்துத் தொழுவத்துக்கு அனுப்பினேன். இரண்டு ஆடுகளும் ஒரு கன்றும் இருந்தன. ஒரே வாரத்தில் கன்று அவள் பின்னாலேயே திரிந்தது, பெண்கள் அடுப்படிக்குப் பதில் தொழுவத்துக்குப் போனார்கள். பிறகு தினமும் காலையில் என் முன்னால் முழந்தாளிட்டுத் தன் குற்றங்களைச் சொல்லச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் ஞாபகம் வராது. என்னை ஏமாற்றக் கூடாதே என்று தேடித் தேடிச் சொல்வாள். “நேத்து பூனைய வெரட்டிட்டேம்மா. அதுவும் வயித்துப் புள்ளக்காரி.” சிரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். சிரிப்பு நின்றது. ஆனாலும் கண்ணில் இருந்தது. வந்திருந்தவர்கள் எல்லோருடைய பாதத்தையும் முத்தம் செய்யச் சொன்னேன். வரிசையாகக் குனிந்து செய்துகொண்டே போனாள். ஒரு கிழவரின் காலில் வெடிப்பைப் பார்த்துவிட்டு, நடுவில் எழுந்து போய் விளக்கெண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டாள்.

நான் கொடுத்த எந்தப் பாடமும் அவளுக்குப் பாரமாக இல்லை. எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

ஜெபக்கூடத்தில் அந்தோணியார் சுரூபம் ஒன்று இருந்தது. என் அண்ணன் வாங்கி வைத்தது. அந்தோணியார் கையில் இருக்கும் குழந்தையேசுவின் விரலை நான் உடைத்தேன். வேண்டுமென்றேதான். பாடம் நடத்த ஒரு கருவி தேவைப்படும் அல்லவா? வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும், “இத ஒடச்சது யாரு?” என்று கேட்டுவிட்டுப் புஷ்பமேரியைப் பார்த்தேன். கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். எழுந்து வந்து முழந்தாளிட்டாள்.

“என் கைதாம்மா பட்டிருக்கும். மன்னிச்சிருங்க.”

அதுவரைக்கும் எல்லாம் நான் நினைத்தபடிதான். சாயங்காலம் அவள் என் அறைக்கு வந்தாள். முந்தானை நுனியில் முடிந்து வைத்திருந்த அந்த விரலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“சன்னலுக்குக் கீழ கெடந்துச்சும்மா. ஒட்டிக்கலாம்” என்றாள். பிறகு, “அன்னைக்கி ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையோ? கை அம்புட்டு நடுங்குச்சு. சுரூபத்துல இடிச்சு ஒங்க வெரலும் செவந்திருச்சே. வலிச்சுச்சாம்மா?” என்றாள்.

அவள் தொழுவத்திலிருந்து பார்த்திருக்கிறாள். நான் உடைத்ததைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு வந்து, வலித்ததா என்று என்னைக் கேட்கிறாள். அவள் முகத்தில் ஒரு குத்தலும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் என்னை மன்னித்திருந்தாள் மேடம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே மன்னித்திருந்தாள்.

அடுத்த வாரம் சாம்பல் புதன் வந்தது. தவக்காலம் ஆரம்பம். ஒரு மனுஷிக்குக் கடைசியாக மிஞ்சியிருக்கும் பெருமை எது என்று யோசித்தேன். என் உயிர் என் கையில் இருக்கிறது என்கிற எண்ணம்தான். அவள் தினமும் இரண்டு வேளை தானே ஊசியை எடுத்து, தானே அளந்து, தானே போட்டுக்கொண்டாள். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அங்கேதான் இருக்கிறது வேர் என்று எனக்குப் பட்டது. இன்சுலின் பாட்டில்களை என் அறையில் இருந்த சின்ன ஃப்ரிட்ஜுக்கு மாற்றினேன். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளுடைய செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

“வேணுங்கும்போது வந்து கேளு. கேட்டா தருவேன்” என்றேன்.

“சரிம்மா” என்றாள்.

வந்து கேட்டாள். கதவுக்கு வெளியே முழந்தாளிட்டுக் கேட்டாள். சில சமயம் உடனே கொடுத்தேன். சில சமயம் ஜெபமாலை முடியட்டும் என்று காக்கவைத்தேன். காக்கவைத்த நாட்களில் அவளுக்குத் தாகம் அதிகமாக இருந்தது, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். உடம்பு வற்றியது. நான்சி ஒருநாள் என்னிடம், “புஷ்பக்கா ஏன் இப்படி எளச்சிருச்சு?” என்று கேட்டாள். ஒறுத்தல் என்றேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தவக்காலம் முடியும்வரை நிறுத்திவைத்தேன். கூட்டம் என்பதே ஒரு ஆடம்பரம்.

உங்கள் சட்டையில் நஸீரா என்று பெயர் இருக்கிறது. நீங்களும் நோன்பு பிடிக்கிறவர்தான். வெறும் வயிற்றில் மனசு எவ்வளவு தெளிவாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என்ன சொன்னீர்கள்? “எங்கள்ல நோயாளிக்கு நோன்பு கடமையில்லம்மா.” இருக்கலாம். அது உங்கள் மார்க்கத்தில் உள்ள சலுகை. எங்களிலும் உண்டு. நான் சலுகை கேட்டு வளர்ந்தவள் இல்லை.

குருத்து ஞாயிறுக்கு முந்தின திங்கள்கிழமை மௌனத் தியானத்தை ஆரம்பித்தோம். வீட்டில் நாங்கள் இருவர்தான். இந்த வாரம் முழுக்க ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். வெளிக்கேட்டைப் பூட்டினேன், யாராவது வந்து பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதே என்று. அன்று சாயங்காலம் அவள் என் கதவருகே வந்து முழந்தாளிட்டு, கையை நீட்டினாள். நான் எழுந்து போகவில்லை.

கேட்டால்தான் தருவேன் என்று சொல்லியிருந்தேன். பேசக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று நீங்கள் உடனே கண்டுபிடித்துவிட்டீர்கள். அவளும் கண்டுபிடித்திருப்பாள், அவள் மக்கு இல்லை. அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். “குடுங்கம்மா” என்றால் போதும், எடுத்துக் கொடுத்திருப்பேன். கொடுத்துவிட்டு, பார்த்தாயா புஷ்பம், உயிர் என்று வந்ததும் கீழ்ப்படிதல் போய்விட்டது, நீயும் எங்களைப் போலத்தான் என்று அன்பாகச் சொல்லியிருப்பேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அதற்காகத்தான் காத்திருந்தேன். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து போனாள்.

மறுநாள் மத்தியானம் கேட்டில் பைக் சத்தம் கேட்டது. ஆண்டனிராஜ். கையில் பிளாஸ்க். கொல்லைப்புறத்தில் அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது. நான் பூட்டைத் திறக்காமல் கம்பி வழியாகப் பேசினேன்.

“அக்காவ ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிர்றேன் சிஸ்டரம்மா.”

“மௌனத்துல இருக்கா. கலைக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம குருத்தோலப் பூசைக்கு வந்து பாரு.”

“ஊசி போட்டுக்குதுல்ல?”

“எல்லாம் எங்கையால நானே குடுக்குறேன்” என்றேன். பொய் சொல்லவில்லை. நான் சொன்னதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது அவர் விஷயம்.

பிளாஸ்க்கைக் கம்பி இடுக்கில் கொடுத்துவிட்டுப் பைக் பக்கம் போனவர் திரும்பி வந்தார். “போன மாசம் வந்தப்பயே வீட்டுக்கு வந்துருக்கான்னேன். கேக்க மாட்டேன்னுருச்சு. ‘நானும் வந்துட்டா அம்மாவுக்கு யாருடா இருக்கா? பாவம்டா அவங்க’ன்னுச்சு. அதுக்கு ஒங்க மேல அம்புட்டுப் பிரியம்” என்றார்.

பாவம். அந்தச் சொல்லுக்கு இருக்கும் இரண்டு பொருளையும் முப்பது வருஷம் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். இரண்டில் எதுவும் எனக்குப் பொருந்தாது. என் வீட்டில், என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, என்னிடம் முழந்தாளிட்டுக் கேட்டு வாழ்கிறவள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாள். எனக்காகத்தான் அங்கே தங்கியிருக்கிறாள். ஆண்டனிராஜ் பைக்கை மிதித்துக் கிளப்பும்வரை கேட்டுச் சாவி என் கையில்தான் இருந்தது. சாலை திரும்பும் வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். பிளாஸ்க்கைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துப் பூட்டினேன்.

புதன்கிழமை காலையில் அவள் எழுந்து வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்படியில், அரிசி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏதோ சமைக்க வந்திருப்பாள்போல, உலை வைத்த பாத்திரத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது, அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. நெஞ்சு மேலும் கீழும் வேகமாகப் போய்வந்தது. மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. கண் பாதி திறந்திருந்தது.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. அறைக்குப் போய் மருந்தையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். பாட்டிலை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

“மௌனத்த நானே எடுத்துட்டேன் புஷ்பம். இப்ப நீ பேசலாம். வேணும்னு ஒரு வார்த்த கேளு, போதும்.”

அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. என் முகத்தைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு வெகுநேரம் ஆனது. கண்டுபிடித்ததும், அந்தப் பழைய சிரிப்பு கண்ணில் வந்தது.

“சாப்டீங்களாம்மா?” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் சிறிது நேரம் காத்திருந்தேன், பாட்டிலைப் பிடித்தபடியே. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார், அந்நேரத்துக்கு ஊசி மட்டும் போதாது, உடனே தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று. சரிதான். தோப்பு முனையில் ஒச்சப்பனின் ஆட்டோ எப்போதும் நிற்கும். அன்றும் நின்றது. அவர் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு அடுப்படி வரை கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பார்.

நான் எழுந்தேன். மருந்தை ஃப்ரிட்ஜில் வைத்து அறையைப் பூட்டினேன். ஜெபக்கூடத்துக்குப் போய் முழந்தாளிட்டு ஜெபமாலையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் மூச்சுச் சத்தம் அங்கேயும் கேட்டது. அது நிற்கும் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. நின்ற பிறகும், கையில் எடுத்த ஜெபத்தைப் பாதியில் விடக் கூடாது என்று முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். பிறகு நானே ஆண்டனிராஜுக்குப் போன் செய்தேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் வேண்டாம். எந்தத் தண்டனை என்றாலும் தலை குனிந்து ஏற்றுக்கொள்வேன், எனக்கு அது கஷ்டமில்லை. இதை மட்டும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவள்மேல் எனக்கு வெறுப்போ பொறாமையோ இருந்ததில்லை. அந்த வீட்டில் தாழ்ச்சியுள்ளவள் நான். அதற்கு இரண்டு பேர் தேவைப்படவில்லை.